காயத்தைக் கட்டும் துணி



பேண்டேஜ் என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு நம் பக்கத்தில் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. செட்டியார்பட்டியிலிருந்து சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் தறிச் சத்தத்தோடு சேர்ந்து காதில் விழுகிற வார்த்தை அது. எத்தனை மீட்டர் ஓடியது, கூலி என்ன, லோடு எப்போது ஏறும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கட்டுதல்தான் அந்த வார்த்தையின் வேர். ஒருவர் குனிந்து இன்னொருவர் காயத்தில் சுற்றும்வரை அது வெறும் துணி.

லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில், எரிகோவுக்கு இறங்கும் வழியில் ஒருவர் குற்றுயிராய்க் கிடக்கிறார். குருவும் லேவியரும் விலகிப் போகிறார்கள். யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியர் நிற்கிறார். எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டுகிறார். சாவடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறார். மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். ஒரு தெனாரியம் அன்றைக்கு ஒருநாள் கூலி. தறி ஓட்டும் உங்களுக்கு இரண்டு நாள் கூலியின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்கொண்டு செலவானாலும் திரும்பி வரும்போது தருவதாக வேறு சொல்லிவிட்டுப் போகிறார். உவமையில் என் மனசு நிற்கும் இடம் இதுதான். கட்டுப் போட்டதோடு அவர் கைகழுவவில்லை.

தறியிலிருந்து இறக்கிய கோராத் துணியை அப்படியே காயத்தில் வைக்க முடியாது. பாவில் ஏறிய கஞ்சியும் பஞ்சின் பிசுக்கும் போக வெளுத்து எடுத்தால்தான் அது ரத்தத்தை உறிஞ்சும். நம்மிடமும் அந்தக் கஞ்சி விறைப்பு இருக்கிறது. அவன் எந்தத் தெரு, என்ன சாதி, போலீஸ் கேசு நமக்கெதற்கு என்று நிற்கிறோமே, அதுதான்.

தென்காசி ரோட்டில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பயப்படவும் வேண்டாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் உதவி செய்கிறவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. 2021 டிசம்பரில் நம் மாநிலத்தில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. உடனே 108-க்குப் போன் போடுங்கள். வண்டி வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.