ஏமாறாதவரிடம் ஒரு கேள்வி

நிதி நிறுவனம் ஒன்று இழுத்து மூடப்பட்டால் தொலைக்காட்சிக் கேமராக்கள் அழுகிறவர்களைத் தேடிப் போகின்றன. பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையை அடகு வைத்துப் போட்டவர், ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை மொத்தமாகக் கொடுத்தவர், வீட்டுக்குத் தெரியாமல் நிலத்தை விற்றவர். அவர்கள் அழக் காரணம் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. எனக்குப் பேச வேண்டியிருப்பது அந்தக் கூட்டத்துக்கே வராத ஒருவரோடு. அவர் வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஆறு மாசம் முன்னாடியே எடுத்துட்டேன் மச்சான், நமக்கு நஷ்டமில்ல, மேல கொஞ்சம் வந்துச்சு" என்று போனில் சொல்கிறார். ஊரில் அவருக்குக் கெட்டிக்காரர் என்று பெயர்.

அந்த 'மேல கொஞ்சம்' யாருடைய பணம்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. போலீஸ் நிறுவனத்தின் இயக்குநர்களைத் தேடுகிறது, ஏமாந்தவர் ஏஜென்டைத் தேடுகிறார். லாபத்தோடு நழுவியவரை எவரும் தேடுவதில்லை. அவரும் ஒரு முதலீட்டாளர்தானே, புத்திசாலித்தனமாக நேரத்தில் வெளியேறினார், அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறோம்.

ஆருத்ரா நிதி நிறுவன வழக்கை எடுத்துக்கொள்வோம். சுமார் ஒரு லட்சம் பேரிடம் ரூ. 2,438 கோடி திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. ஆசை காட்டப்பட்ட வட்டி மாதம் 25 முதல் 30 சதவீதம். ஆண்டுக்கு அல்ல, மாதத்துக்கு. இதை ஆராய ஆடிட்டர் வேண்டாம், எட்டாம் வகுப்புக் கூட்டுவட்டிக் கணக்குப் போதும். மாதம் 30 சதவீதம் என்றால், ஒருவர் போட்ட ஒரு லட்சம் ரூபாய், வட்டியை எடுக்காமல் விட்டால், ஓராண்டில் 23 லட்சம். இரண்டாம் ஆண்டு முடிவில் 5 கோடியே 43 லட்சம். மூன்றாம் ஆண்டில் 126 கோடி. நான்காம் ஆண்டு முடிவில் ரூ. 2,946 கோடி. அதாவது ஒரு லட்சம் பேர் சேர்ந்து போட்ட மொத்தப் பணத்தையும், ஒரே ஒருவருடைய ஒரு லட்சம் நான்கே ஆண்டில் தாண்டியிருக்க வேண்டும். தங்கத்திலோ எண்ணெயிலோ கப்பலிலோ இப்படிக் குட்டி போடும் தொழில் இருந்தால், அதை நடத்துகிறவருக்கு உங்கள் ஒரு லட்சம் எதற்கு? வங்கியில் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கடன் வாங்கி அவரே வைத்துக்கொள்ள மாட்டாரா?

இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர்கள் அல்ல நாம். பொறியாளர்களும் ஆசிரியர்களும் கணக்காளர்களும் இத்தகைய திட்டங்களில் பணம் போட்டிருக்கிறார்கள். அவர்களில் சாமியாரின் விபூதியைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் உண்டு. கையிலிருந்து லிங்கம் வருகிறது என்றால், "எங்கிருந்து வந்தது, சட்டைக் கையை மடித்துக் காட்டு" என்கிறார்கள். கையிலிருந்து மாதம் முப்பதாயிரம் வருகிறது என்றால் அந்தக் கேள்வி வாயில் வருவதில்லை. சாமியை நம்பாதவரெல்லாம் பகுத்தறிவாளர் என்று நினைப்பதில் உள்ள ஓட்டை இது. ஒரு பொருள் ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாகாது என்பதுதான் பகுத்தறிவின் முதல் பாடம். அது விபூதிக்கு மட்டுமா பொருந்தும்?

ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாகவில்லை என்றால், வந்த பணம் யாரோ கொடுத்தது. யார் கொடுத்தது? உங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர். ஒரு லட்சம் போட்டு மாதம் முப்பதாயிரம் வாங்கினால் நான்காவது மாதத்தில் உங்கள் அசல் திரும்பிவிட்டது. ஐந்தாவது மாதம் உங்கள் கையில் விழுந்த முப்பதாயிரம், அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் நகையை அடகு வைத்துக் கொண்டுவந்த தொகையின் ஒரு பகுதி. அவரைச் சேர்த்துவிட்டதற்கு நீங்கள் கமிஷனும் வாங்கியிருக்கலாம். அவர் உங்கள் சித்தி மகனாகவே இருக்கலாம். இந்தத் திட்டங்கள் விளம்பரத்தால் வளர்வதைவிட உறவால் வளர்கின்றன. "நம்ம பையன் சொல்றான், பொய்யா சொல்வான்?" என்ற ஒரு வாக்கியத்தின் மேல்தான் பல கோடிகள் நிற்கின்றன.

2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோதும் நடந்தது இதுவே. ஈமு கறியைக் கேட்டு வாங்கிய கடை எந்த ஊரில் இருந்தது? அந்தக் கோழிக்கு இருந்த ஒரே சந்தை, அடுத்துச் சேரப்போகும் விவசாயி. ஆள் வருவது நின்றதும் கோழிகள் தீனியின்றிச் செத்தன. கோழிகளாவது பிறரைச் சேர்த்துவிடவில்லை.

"எனக்குத் தெரியாதே, நான் நம்பித்தானே வாங்கினேன்" என்பார் நம் கெட்டிக்காரர். தெரியாமல் வாங்கியிருக்கலாம். ஆனால் இப்போது தெரிந்துவிட்டதே? பேருந்தில் தவறுதலாக அடுத்தவர் பையை எடுத்து வந்துவிட்டால், வீட்டுக்கு வந்து திறந்து பார்த்த நொடி வரைதான் அது தவறுதல். அதற்குப் பிறகும் வைத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர்.

இது என் தனிப்பட்ட கண்டிப்பு அல்ல. நியூயார்க்கில் மேடாஃப் நடத்திய மோசடி 2008 டிசம்பரில் வெளிப்பட்டது. பணத்தை மீட்க நீதிமன்றம் நியமித்த அறங்காவலர் இர்விங் பிகார்ட், பணத்தை இழந்தவர்களின் கணக்கை மட்டும் பார்க்கவில்லை. போட்டதைவிட அதிகம் எடுத்தவர்களின் பட்டியலையும் தயாரித்து, மேலதிகமாக எடுத்ததைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். நல்லெண்ணத்தோடு எடுத்தவர்களிடம் எவ்வளவு பின்னோக்கிப் போய்க் கேட்கலாம் என்பதற்கு நீதிமன்றங்கள் கால வரம்பு வைத்தன. ஆனால் அந்த லாபம் கற்பனை லாபம், அது மற்றவர்களின் அசல் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. பிகோவர் என்ற ஒரே முதலீட்டாளரின் சொத்திலிருந்து மட்டும் 2010-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 720 கோடி டாலர் திரும்பி வந்தது. மேடாஃபிடம் இழந்தவர்களின் அசலில் பெரும்பகுதி மீண்டதற்கு முக்கியக் காரணம், தப்பித்தவர்களிடம் போய்க் கேட்டதுதான்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த விஷயத்தில் முழுக் குருடு அல்ல. ஆள் சேர்த்தால் பணம் என்ற சங்கிலித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம், அவற்றை நடத்துவதை மட்டும் தடுக்கவில்லை. உறுப்பினராகச் சேர்வதையும் பங்கேற்பதையும் சேர்த்தே தடுக்கிறது. மூன்றாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சங்கிலித் திட்டங்களில் சேர்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, மோசடியே இல்லாத, அரசு அனுமதித்த பக்க வருமானத்துக்கு வருவோம். பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ என்னும் முன்பேர வணிகம். அலுவலக இடைவேளையில் போனைத் தட்டி இரண்டாயிரம் சம்பாதித்தேன் என்கிறார்கள். சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்றாண்டுகளில் இதில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் ரூ. 1.8 லட்சம் கோடியைத் தாண்டியது. 2023-24-ல் மட்டும் தனிநபர்களும் அவர்களைப் போன்ற சிறு பங்கேற்பாளர்களும் இழந்தது கட்டணம் நீங்கலாக ரூ. 61,000 கோடி. அதே ஆண்டில் சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் பெரும் நிறுவனங்கள் ரூ. 33,000 கோடியும், வெளிநாட்டு நிறுவனங்கள் ரூ. 28,000 கோடியும் லாபம் பார்த்தன. கூட்டிப் பாருங்கள். அந்த லாபத்தில் பெரும்பகுதியைச் சம்பாதித்தவை கணினி நிரல்கள். நஷ்டப்பட்ட தனிநபர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் தொடர்ந்து ஆடினார்கள் என்கிறது அதே ஆய்வு. இங்கே பொய் சொல்லி யாரும் பணம் வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டாயிரம் உங்கள் திறமையால் முளைத்ததல்ல. எங்கோ ஒரு போனில் இன்னொருவர் தொலைத்தது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் போகிறோம்? சம்பளம் போதவில்லை என்பது ஒரு பதில், பெரும்பாலோருக்கு அது நிஜம். பள்ளிக் கட்டணமும் வாடகையும் ஏறுகிற வேகத்தில் சம்பளம் ஏறவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் முதலாளியும் அரசும். அங்கே கேட்கப் பயந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் சேமிப்பில் கை வைக்கிறோம்.

இன்னொரு பதில் இருக்கிறது, அதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். கூடுதல் வருமானத்துக்கு நேர்மையான வழிகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போடுகிறார் ஒரு பெண். இன்னொருவர் ரவிக்கை தைக்கிறார், சாயங்காலம் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார் வேறொருவர். பகலில் குமாஸ்தாவாக இருப்பவர் இரவில் ஆட்டோ ஓட்டுகிறார். இவர்களில் யாரையாவது நாம் மேடையேற்றிச் சால்வை போட்டிருக்கிறோமா? மாவு விற்பதைச் சம்பந்தி வீட்டில் சொல்லக் கூச்சப்படுகிறோம். உட்கார்ந்த இடத்தில் மாதம் ஐம்பதாயிரம் வருகிறது என்று சொல்லத்தான் நெஞ்சு நிமிர்கிறது. உழைக்கிறவன் கீழ், உழைக்காமல் வாங்குகிறவன் மேல் என்று வகுத்துவைத்த ஏற்பாட்டுக்குச் சாதி என்று பெயர். பெரியார் ஆயுள் முழுக்க அடித்தது அதைத்தான். பிராமணர்களுக்குத் தானமாக விட்ட பிரமதேய நிலத்தில் பிறர் உழுது, பிறர் அறுத்து, பலன் மட்டும் வீட்டுக்கு வந்ததே, அதன் இன்றைய பெயர் பேசிவ் இன்கம். வாங்கும் கைகள் மாறியிருக்கின்றன, அதைக் கௌரவம் என்று நினைக்கும் புத்தி மாறவில்லை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு இந்தக் கௌரவத்துக்கு ஆசைப்படுகிறவரைப் பார்த்தால், பட்டை போட்டுக்கொண்டு ஆசைப்படுகிறவரைவிட எனக்கு வருத்தம் அதிகம்.

ஆகவே கெட்டிக்காரரே, பழைய பாஸ்புக்கை எடுங்கள். நீங்கள் போட்டது இரண்டு லட்சம், வாங்கியது ஐந்து லட்சம் என்றால், மூன்று லட்சம் உங்களுடையது அல்ல. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மோசடி நிறுவனத்தின் சொத்தைக் கைப்பற்றிப் பங்கிடும் பொறுப்பு மாவட்ட வருவாய் அலுவலரிடம் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் அவர் அறை எது என்று கேட்டால் காட்டுவார்கள். அந்த மூன்று லட்சத்தை எப்படிச் செலுத்துவது என்று அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.