கஜானாவின் கடன்

குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அதே நாட்களில் அரசு மதுக்கடைகளும் மூடப்பட்டிருக்கின்றன. கடை மூடிய நாளில்தான் ஊர் கூடிப் பேசுகிறது என்பதும், பேசப்படும் விஷயங்களுள் அந்தக் கடையும் அடிக்கடி இடம்பெறுகிறது என்பதும் சிந்திக்கத்தக்கவை. கடையை அகற்ற வேண்டும் என்று பெண்கள் எழுந்து சொல்ல, தீர்மானம் எழுதப்பட்டு, கையெழுத்துகளும் பெருவிரல் ரேகைகளும் வரிசையாக இடப்பட்டாலும், கடையின் இடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடத்தில் இருப்பதால், அத்தீர்மானம் ஒரு விண்ணப்பம் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. மறுநாள் பகல் 12 மணிக்குக் கடை திறக்கிறது.

வேண்டாம் என்று சொல்லித் தடுக்கும் அதிகாரம் இல்லாத ஊராட்சிக்கு, அந்தக் கடையின் வருவாயில் பங்கு மட்டும் இருக்கிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஆயத்தீர்வையும் மதுவின்மேல் விழும் விற்பனை வரியும் அந்தச் சொந்த வருவாயில் அடங்கியவை. 2023-24-ஆம் ஆண்டில் மதுவிலிருந்து அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 45,855 கோடி ரூபாய். ஊராட்சியின் தெருவிளக்கில் எத்தனை நாழிகை வெளிச்சம் மதுப்புட்டியிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்ட எந்தக் கணக்கராலும் இயலாது. சிறிது வெளிச்சம் அங்கிருந்து வந்ததே என்பதை மறுக்கவும் எவராலும் இயலாது.

இந்நிலையில் எழும் தர்ம விசாரம் ஒன்று உண்டு. குடிநோயில் வீழ்ந்தவரை மீட்பதற்கும், மீண்டவர் மறுபடியும் வீழாமல் தாங்குவதற்கும், இளையவரை அவ்வழியில் செல்லாமல் காப்பதற்கும் உள்ளாட்சியின் கையில் பொதுப்பணம் கொடுப்பது கருணையா, கடனா? சொற்களின் வேறுபாடு போலத் தோன்றும் இக்கேள்வி, உண்மையில் வரவு செலவுத் திட்டத்தின் வரிசையையே மாற்றக்கூடியது. கருணை என்றால், கை இறுகும் ஆண்டில் அதை நிறுத்திவைக்கலாம். கொடுத்தவனைப் புகழவும் வேண்டும். கடன் என்றால், ஏனைய செலவுகளுக்கு முன்னால் அது நிற்கும். கொடுத்ததற்காக எவரும் மாலை எதிர்பார்க்க முடியாது.

விடை காண்பதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் நலம். 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் இராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமலுக்குக் கொண்டுவந்தபோது, கள்ளுக்கடை ஏலத்தின் வருமானம் போய்விட்டால் சர்க்கார் எதைக் கொண்டு நடக்கும் என்ற ஆட்சேபம் எழுந்தது. அந்த ஆட்சேபத்துக்குச் சமாதானமாக 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி பிறந்தது. குடிப்பழக்கமே இல்லாதவனும் தான் வாங்கும் பண்டத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கொடுத்து, அதனால் முன்பின் அறியாத ஒருவனுடைய குடும்பம் பிழைக்கட்டும் என்று இசைவதே அந்த வரியின் உட்பொருள். 1948-இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-இல் விலகி, 1974-இல் திரும்பி, 1981-இல் மீண்டும் விலகியது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றி, 2003-இல் சில்லறை விற்பனையையும் தன் கைக்குள் கொண்டது.

மதுவிலக்கு போயிற்று, அதற்கு ஈடாகப் பிறந்த வரி போகவில்லை. அவ்வரியின் வழித்தோன்றலான மதிப்புக் கூட்டு வரி, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து பெரும்பாலான பண்டங்களைத் தன் வசம் எடுத்துக்கொண்ட பின்னரும், மதுவின்மீது மாநிலத்தின் கையில் எஞ்சி நிற்கிறது. மேற்சொன்ன வருவாயில் 35,000 கோடிக்கு மேற்பட்ட தொகை இந்த வரியினுடையதே. மதுவின் வருமானத்தைத் துறப்பதற்காகப் பிறந்த வரி, இன்று மதுவின் வருமானத்தையே பெருக்கித் தருகிறது. எந்த ஒருவரையும் எந்த ஒரு கட்சியையும் தனியே இதற்குக் குற்றவாளியாக்குதல் நியாயமன்று. பல மந்திரிசபைகளும், இலவசங்களை விரும்பிப் பெற்ற பிரஜைகளும் சேர்ந்து நடந்துவந்த பாதை இது. ஆயினும் பலர் சேர்ந்து பட்ட கடன், பலர் சேர்ந்து பட்டதனாலேயே தீர்ந்துபோவதில்லை.

இதைக் கடன் என்று கொள்வதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் உரிய மதிப்போடு எடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றுள் முதலாவது, தானாகக் குடித்துக் கெட்டவனுக்காக உழைப்பவனின் வரிப்பணம் ஏன் செலவாக வேண்டும் என்பது. முதற்கோப்பையை எடுத்த கை அவனுடையதே என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் குடித்த உடலின் சுபாவம் வேறு. திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கமும் வலிப்பும் மனப்பிரமையும் தோன்றி, உரிய சிகிச்சை இல்லாவிடில் உயிருக்கே அபாயம் விளையலாம். ஆகவே, மனவுறுதி இருந்தால் நாளைக்கே விட்டுவிடலாமே என்னும் உபதேசம், அறியாமையினால் சொல்லப்பட்டாலும், சில சமயங்களில் கொடுமையாகவே முடிகிறது. மேலும், அவனுடைய மனைவியும் மக்களும் எந்தக் கோப்பையையும் எடுக்கவில்லை. கூலி வாங்கிய மாலையில் அடுப்புக்கு வரவேண்டிய பணம் கல்லாவுக்குப் போகும்போது, குற்றம் ஒருவனுடையதாகவும் தண்டனை நால்வருடையதாகவும் ஆகிவிடுகிறது. அத்தண்டனையில் வரி என்ற பெயரால் ஒரு பங்கு பெற்றவன், பொறுப்பு முழுதும் அவனுக்கே என்று கைகழுவ முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் இதனினும் நுட்பமானது. ஒரு கையால் விற்று மறு கையால் மருந்திடும் அரசு, அந்த மருந்தைக் காட்டியே விற்பனைக்குக் கௌரவம் தேடிக்கொள்ளும்; சிகிச்சை நிலையம் கடைக்கு வைத்த திருஷ்டிப் பொட்டாகிவிடும் என்பர். 2025-இல் 25 அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்னும் பெயரில் போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டமை நற்செயலே. எனினும், கடைகள் ஆயிரக்கணக்கிலும் மையங்கள் இருபத்தைந்துமாக நிற்கும்போது, இந்த ஐயம் எழுவதைத் தவறென்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஐயத்தின் முடிவு, ஆகவே சிகிச்சையே வேண்டாம் என்பதாக இருத்தல் கூடாது. பிராயச்சித்தம் செய்பவன் பாவத்தையும் தொடர்கிறான் என்றால், கண்டிக்கப்பட வேண்டியது பாவம். பிராயச்சித்தத்தை நிறுத்தினால் நஷ்டப்படுபவன் நோயாளி.

மூன்றாவது, பணத்தை எவ்வாறு ஒதுக்குவது என்ற விவகாரம். மதுவின் ஒவ்வொரு புட்டிக்கும் இத்தனை காசு என்று தனித்தீர்வை விதித்து அதை மீட்புப் பணிக்கே ஒதுக்கலாம் என்பது எளிதில் மனத்தைக் கவரும் யோசனை. அதன் உள்ளே ஒரு விபரீதம் மறைந்திருக்கிறது: விற்பனை குறைந்தால் மீட்பு நிதியும் குறையும்; மீட்பவரின் ஜீவனம் குடிப்பவரின் எண்ணிக்கையைச் சார்ந்துவிடும். தன் வேலையில் முழு வெற்றி பெற்றால் தன் கதவையே மூடவேண்டிவரும் ஸ்தாபனம், வெற்றியை மனப்பூர்வமாக விரும்புமா? எனவே ஊரில் எத்தனை குடும்பங்களுக்கு உதவி வேண்டும் என்ற கணக்கை அடிப்படையாக வைத்து, பொதுக் கஜானாவிலிருந்து, விற்பனையின் ஏற்றத்தாழ்வு தீண்டாத வகையில், ஆண்டுதோறும் தவறாமல் தரப்படுவதே அறத்துக்கும் விவேகத்துக்கும் பொருந்தும்.

அந்தப் பணம் தலைநகரத்தில் இருந்தால் போதாதா, ஊராட்சி வரை ஏன் இறங்க வேண்டும் என்பார்க்கு, நோயின் இயல்பே விடை சொல்கிறது. நஞ்சிறக்கும் சிகிச்சை சில நாட்களில் முடிவது. அதற்கு மருத்துவமனை வேண்டும். அதன்பின் நோயாளி தன் ஊருக்கே திரும்புகிறான். அதே கடை, அதே நண்பர், அதே கூலிநாள் மாலை. திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்காமல் அரசியலை விரித்துரைக்கும் பொருட்பாலில் வைத்ததும், அதற்கு அடுத்த அதிகாரத்தைத் தாண்டியவுடன் மருந்தைப் பற்றிப் பேசியதும், அந்த மருந்து அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொன்னதும் இங்கே நினைக்கத்தக்கன. நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பேணுபவனையும் அவர் நான்காவதாகச் சேர்த்தார். முதல் மூன்றையும் நகரத்து மருத்துவமனை தரலாம். நான்காவதை ஊரே தர முடியும்.

இது வெறும் ஊகமன்று. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் குடவாசலை அடுத்த மஞ்சக்குடியில் குடிநோய் மீட்பு முகாம்களை நடத்திவந்தது. நோயாளியை நகரத்துக்கு அழைக்காமல் சிகிச்சையே கிராமத்துக்குச் சென்றது. உள்ளூர் அமைப்பு விருந்தோம்பும் பொறுப்பை ஏற்றது. குடும்பத்தினரும் சிகிச்சையில் பங்குபெற்றனர். கேரளத்திலோ, 2008-இல் வகுக்கப்பட்ட வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையின்படி, படுக்கையில் கிடக்கும் நோயாளியின் வீட்டுக்கே செவிலியரை அனுப்பும் பணியை உள்ளாட்சிகள் தங்கள் திட்ட நிதியிலிருந்து நடத்திவருகின்றன. தீராத நோயினரை ஆண்டுக்கணக்கில் தாங்கப் பஞ்சாயத்தால் முடியும் என்றால், தீரக்கூடிய நோயினரைத் தாங்குதல் அதன் சக்திக்கு மீறியதாகாது.

ஆயினும் ஊரின் அண்மை அமிர்தமாவதும் உண்டு, நஞ்சாவதும் உண்டு. யார் சிகிச்சைக்குப் போனான் என்பது டீக்கடையில் மறுநாளே பேச்சாகும் இடத்தில் இரகசியம் காப்பது கடினம்; பெண் பார்க்க வருபவர்களிடம் அந்தப் பழைய கதையைச் சொல்ல ஆட்கள் இருப்பர். சாதியும் கட்சியும் பயனாளிகளின் பட்டியலில் புகுந்துகொள்ளும் அபாயமும் உண்டு. திருத்துகிறோம் என்ற பெயரால் மனிதரை அடைத்துவைத்து அடிக்கும் விடுதிகளின் கையில் பணம் போய்ச் சேர்ந்துவிட்டால், கடனைத் தீர்க்கப் போய்ப் புதுக்கடன் பட்டதாகும். மதுவினால் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் தன்னுள் அடக்கிய 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் மானத்துக்கும் சம்மதத்துக்கும் காவல் வைத்திருக்கிறது. பணத்தைச் செலவிடும் அதிகாரம் ஊருக்கு வரும்போது, அந்தக் காவலும் உடன் வந்தாக வேண்டும்.

2024-ஆம் ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, இறந்தவரின் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. குடித்து இறந்தவனுக்குப் பொதுப்பணமா என்ற முணுமுணுப்பும் அப்போது எழாமலில்லை. அநாதையாக நின்ற குழந்தைகளைக் கண்ட எவரும் அந்தத் தொகையைத் தவறு என்று சொல்ல மாட்டார். ஆனால், கள்ளச்சாராயம் குடித்து ஒரே நாளில் இறந்தவனுடைய வீட்டுக்குத் தான் கடன்பட்டிருப்பதாக உணர்ந்த கஜானா, உரிமம் பெற்ற கடையில் வாங்கிக் குடித்து, கல்லீரல் கெட்டு, பத்து ஆண்டுகளில் மெல்ல இறப்பவனுடைய வீட்டுக்கு அதனை உணராமலிருப்பது எந்த நியாயத்தில் சேரும்? முன்னவனிடமிருந்து அரசுக்கு ஒரு காசும் வரவில்லை. பின்னவனோ ஒவ்வொரு மாலையும் வரி செலுத்தியவன்.

ஆதலால் இது கடன் என்றே கொள்ளத்தக்கது. கடன் பட்டது எந்த ஊரிலோ அந்த ஊரிலேயே அதைத் தீர்ப்பதும் முறை. 1939-இல் அந்த வரியைக் கொடுத்தவர்கள், குடியாதிருக்கப்போகும் அயலானின் வீட்டுக்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தார்கள். அவர்கள் தந்த வழியிலேயே இன்று திரளும் தொகையிலிருந்து ஒரு சிறு பங்கு, அடுத்த காந்தி ஜெயந்தியன்று கிராம சபையின் முன் வைக்கப்படும் வரவு செலவில் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் அடுத்த வரியாக, குடிநோயாளியின் அருகிருந்து பேணுபவருடைய ஊதியம் என்று எழுதப்பட்டிருக்குமானால், கடை மூடியிருக்கும் அந்த நாளில் ஊர் இடும் கையெழுத்து விண்ணப்பமாக முடியாமல் உத்தரவாக மாறும்.