வெற்றிலைச் செல்லத்தில் ஒரு நஞ்சு



நம் வீட்டுப் பெண் ஒருத்தி சிகரெட் பிடிக்கிறாள் என்று கேள்விப்பட்டால் ஊரே வாயில் கைவைக்கும். அதே புகையிலையை வெற்றிலையில் மடித்துக் கன்னத்தில் அதக்கிக்கொண்டால் யாரும் வாய் திறப்பதில்லை. “பெத்தாவுடைய பழக்கம்” என்று சொல்லி, வெற்றிலைச் செல்லத்தை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். இலை ஒன்றுதான், அடிமைப்படுத்தும் நிக்கோட்டினும் ஒன்றுதான். 2016-17இல் இந்திய அரசு எடுத்த கணக்கின்படி, வயதுவந்த பெண்களில் புகைப்பவர்கள் நூற்றுக்கு 2 பேர்; புகையிலையை வாயில் போடுபவர்களோ ஏறத்தாழ 13 பேர்!

“மார்க்கத்தில் இதற்குத் தடை எங்கே இருக்கிறது?” என்று சிலர் கேட்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு நாட்டில் புகையிலையே கிடையாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே கப்பலேறி இப்பக்கம் வந்தது. ஆகவே உலமாக்களில் சிலர் அதனை மக்ரூஹ் என்றார்கள். கேடு தெளிவாகத் தெரிந்தபின் ஹராம் என்று தீர்ப்பளித்தவர்கள் பலர். நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்ற திருமறையின் கட்டளையை (2:195) அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

அழிவு என்பது வெறும் பேச்சல்ல. புகையிலை சேர்ந்த வெற்றிலை வாய்ப் புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985லேயே அறிவித்துவிட்டது. பாக்கும் தன்னளவில் புற்றை உண்டாக்கும் என்று 2004இல் வெளியிட்டது. கர்ப்பிணி புகையிலை போட்டால் பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது. சில வேளை இறந்தே பிறக்கிறது. தாய்ப்பாலிலும் அந்த நஞ்சு கலக்கிறது. நம் உடலே அமானிதம் என்றால், வயிற்றிலுள்ள பிள்ளை அதைவிடப் பெரிய அமானிதமல்லவா?

எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி, தொழுகையில் குறை வைக்காதவர். கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் தடிப்பு கண்டு, புகையிலையை விடும்படி டாக்டர் சொன்னார். “ஐம்பது வருஷப் பழக்கம், என்னால் முடியாது” என்று அவர் எங்கள் ஹஜ்ரத்திடம் அழுதார். ஹஜ்ரத் அவர்கள், “உம்மா, நோன்பு வைக்கிறீர்களா?” என்று கேட்டார்கள். “ஒன்றையும் விட்டதில்லை.” “அப்படியானால் ஐம்பது ரமலானாகப் பகலெல்லாம் விட்டுக்கொண்டுதானே வருகிறீர்கள்? மஃரிபுக்குப் பின் அதைத் திரும்ப எடுக்கிறீர்களே, அதை மட்டும்தான் விட வேண்டும்” என்றார்கள். அன்றிரவு செல்லம் மருமகள் கைக்குப் போயிற்று. தடிப்பை டாக்டர்கள் இன்னும் கவனித்து வருகிறார்கள். செல்லம் மூடியே இருக்கிறது, அல்ஹம்து லில்லாஹ்.

சகோதரிகளே! நோன்பு பிடிக்கும் பெண்ணுக்கு இந்தப் பலம் ஏற்கனவே இருக்கிறது. ஒரு நாளைக் குறித்து நிய்யத் செய்யுங்கள். அதுவரை ஒவ்வொரு வேளையாகக் குறையுங்கள். மதுவும் படிப்படியாகத்தான் தடுக்கப்பட்டது. ஆனால் கடைசிக் கட்டளை வந்ததும் மதீனாவாசிகள் அதைத் தெருவில் கொட்டினார்கள், நாளைக்கு என்று எடுத்து வைக்கவில்லை. நீங்களும் குறித்த நாளில் வீட்டிலுள்ள புகையிலையை அடியோடு அகற்றுங்கள்.

முதல் சில நாட்கள் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை வரலாம். சில வாரங்களில் தணிந்துவிடும். ஆசை எழும்போது அது சில நிமிடமே நிற்கும். உடனே வாய் கொப்பளித்து ஒளுச் செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஏலக்காயோ சோம்போ மெல்லுங்கள். வெறும் பாக்கை நாடாதீர்கள். தவறி ஒரு நாள் போட்டுவிட்டால், தவ்பாச் செய்து மறுபடி தொடங்குங்கள். 1800-11-2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை கிடைக்கும். வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: கையில் பீடியை வைத்துக்கொண்டு மனைவிக்கு உபதேசம் செய்யாதீர்கள். இருவரும் சேர்ந்தே விடுங்கள்.

மிஸ்வாக்கை அவ்வளவு வலியுறுத்திய நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். அவர்கள் பேரில் ஸலவாத்துச் சொல்லும் வாயைத் தூய்மையாக வைத்துக்கொள்ள அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.