எதிர்வருவோர் விலகலும் வழியுரிமையும்

ஹைதராபாத்தில் 1591இல் எழுப்பப்பட்ட சார்மினாரின் மேற்கே தொடங்கும் லாட் பஜார், அரக்கு வளையல்களுக்குப் பெயர்பெற்ற குறுகிய கடைத்தெருவாகும். ரமலான் மாத இரவுகளில் அங்கு எதிரெதிராக வரும் மக்கள்திரள், ஆணையிடுவார் எவருமின்றி இழைபிரிந்து நகர்கிறது. முன்செல்வோரைத் தொடர்ந்து செல்வோர் ஒரு சரமாகவும் எதிர்த்திசையினர் மறுசரமாகவும் அமைகின்றனர். தனித்து எதிர்ப்படும் இருவரோ தோளைச் சற்றே திருப்பியும் பார்வையால் தம் போக்கினை உணர்த்தியும் கடக்கின்றனர். இத்தகைய உடற்குறிப்புகளைச் சமூகவியலறிஞர் எர்விங் காஃப்மன் 1971இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். சிலபோது இருவரும் ஒரே பக்கம் விலகி, மீண்டும் ஒரே பக்கம் விலகி, நகைத்து நிற்பதும் உண்டு. இத்தடுமாற்றம் உணர்த்துவது யாது என்பதே ஈண்டு எழும் வினா.

பழைய நூல்கள் இத்தடுமாற்றத்திற்கு இடமளிக்கவில்லை. ஊர்தியில் வருவோன், தொண்ணூறு வயது கடந்தோன், நோயாளி, சுமை சுமப்போன், பெண், கல்வி முடித்து மீண்ட அந்தணன், அரசன், மணமகன் ஆகியோர்க்கு வழிவிடுமாறு மனுஸ்மிருதியின் இரண்டாம் அதிகாரம் பணிக்கிறது. எனினும் விதி இருந்தும் மோதல் ஒழியவில்லை. மகாபாரதத்தில் கல்மாஷபாதன் என்னும் மன்னனும் வசிட்டரின் மகன் சக்தியும் ஒருவரே செல்லத்தக்க பாதையில் எதிர்ப்படுகின்றனர். இருவரும் விலக மறுக்கின்றனர். மன்னன் சாட்டையால் அடிக்க, முனிவன் சபிக்கிறான். அரக்கத்தன்மை எய்திய மன்னனுக்குச் சக்தியே முதல் இரையாகிறான். வழி தனக்கே உரியது என இருவரும் ஐயமின்றி நம்பினர் என்பதே இங்குச் சிக்கலாகும்.

மனுவின் பட்டியலில் இருவேறு நியாயங்கள் கலந்துள்ளன. நோயாளிக்கும் சுமையாளனுக்கும் விலகுவது அவர்தம் இயலாமை கருதியது. லாட் பஜாரிலும் தலைச்சுமையோடு வருவோர்க்குக் கூட்டம் தானே பிளக்கிறது. அரசனுக்கும் அந்தணனுக்கும் விலகுவதோ நிலை கருதியது. இப்பின்னைய நியாயம் திருவிதாங்கூரில் எவ்வளவு தூரம் சென்றது என்பது அறிந்ததே. அங்குச் சாதிதோறும் விலகிநிற்கும் தொலைவு வரையறுக்கப்பட்டிருந்தது. வைக்கம் சிவன் கோயிலைச் சூழ்ந்த தெருக்களைத் திறக்க 1924-25இல் போராட வேண்டியிருந்தது. பெரியார் அதில் சிறைசென்றார். அத்தெருக்களில் தயக்கம் இல்லை. விலக வேண்டியவர் யார் என்பது பிறப்பிலேயே முடிந்திருந்தது. மோதாமையே ஒழுங்கின் அளவுகோலெனின், அத்தெருக்களையே சிறந்தனவாகக் கொள்ள நேரும். அது பொருந்தாது.

லாட் பஜாரில் எதிர்ப்படும் இருவர் ஒருவர்க்கொருவர் இன்னார் என அறியார். இருவர்க்கும் வழியில் ஒத்த உரிமை உண்டு. ஆதலின் இருவருமே விலகுகின்றனர், இருவருமே தவறுகின்றனர். மனுவின் பட்டியலில் முதலிடம் பெற்ற ஊர்தியாளன் மட்டும் நகரின் பிற தெருக்களில் இன்றும் ஒலிப்பானை அழுத்தியே வழி பெறுகிறான்.