மரபைத் தேடியவர் கண்ட சூழல்

உளவியலாளர் ராபர்ட் பிளோமின் 1974-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற காலத்தில், மனிதரின் குணத்தை வளர்ப்பே தீர்மானிக்கிறது என்ற எண்ணம் உளவியலாரிடையே ஓங்கியிருந்தது. மரபின் பங்கை அளக்க முற்பட்ட சிலருள் அவரும் ஒருவர். அவருடைய பணியை அறிய, முதலில் அவருடைய கருவியான இரட்டையர் ஒப்பீட்டை அறிய வேண்டும்.

ஒருகரு இரட்டையர் மரபணுக்களில் ஏறத்தாழ முற்றும் ஒத்தவர். இருகரு இரட்டையரோ, ஆளுக்கு ஆள் வேறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதியளவே ஒத்தவர். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதினராக வளர்கின்றனர். ஆகவே ஒரு பண்பில் முன்னவர் பின்னவரைவிட நெருங்கியிருப்பின், அந்த மிகுதி மரபைச் சுட்டும். இந்த நெருக்கத்தை அளக்கும் ஒட்டுறவு எண்கள் முறையே 0.8, 0.6 என்று கொள்வோம். வேறுபாடு 0.2, அதன் இருமடங்கான 0.4 மரபின் பங்கு. 0.8-இல் எஞ்சும் 0.4 பொதுவான வீட்டுச்சூழலின் பங்கு.

ஒன்றை எட்ட இன்னும் 0.2 குறைகிறதே, அது எது? ஒருகரு இரட்டையருக்கு மரபும் ஒன்று, வீடும் ஒன்று. ஆயினும் இருவர் வேறுபடுகின்றனர். அளவீட்டுப் பிழை இதில் ஓரளவு கலந்திருக்கும். மிச்சம் தனிச்சூழல், அதாவது ஒருவருக்கு மட்டுமே வாய்க்கும் சூழல். 1987-இல் டெனிஸ் டேனியல்ஸுடன் எழுதிய கட்டுரையில், ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் இத்தனை வேறுபடுகின்றனர் என்று பிளோமின் வினவினார். ஆளுமையைப் பொறுத்தவரை, சேர்ந்து வளர்வதால் விளையும் ஒற்றுமை மிகச் சொற்பம். சூழல் பிள்ளைகளைத் தனித்தனியாகவே தொடுகிறது என்பது அவர் காட்டிய விடை. மரபியலாளர் ஒருவர் சூழலைப் பற்றிச் சொன்ன இதுவே அவருடைய ஆகச் சிறந்த பங்களிப்பு என்பேன்.

1994-இல் அவர் லண்டனுக்குப் பெயர்ந்தார். 1994 முதல் 1996 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறந்த பல்லாயிரம் இரட்டையரை அவருடைய குழு குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்தது. அவர்கள் 16 வயதில் எழுதிய பொதுத்தேர்வில், கட்டாயப் பாட மதிப்பெண்களின் வேறுபாட்டில் 58 விழுக்காடு மரபோடு தொடர்புடையது என்று தெரிந்தது. இங்கே வாசகர் சற்று நிற்க வேண்டும். ஒரு மாணவி பெற்ற மதிப்பெண்ணில் 58 பங்கு மரபினால் வந்தது என்பது இதன் பொருளன்று. இது ஒரு மக்கள்தொகைக்குள் காணும் வேறுபாட்டின் கணக்கு. எல்லாப் பள்ளிகளும் ஒரே தரமானால் சூழல் வேறுபாடு சுருங்கும். அப்போது மரபின் விழுக்காடு கூடவே செய்யும்.

தனிச்சூழல் எவற்றால் ஆனது என்ற தேடல் மட்டும் எளிதில் கைகூடவில்லை. நீடித்து வேறுபடுத்தும் அனுபவம் இன்னதென்று சுட்ட இயலாமல், அது பெரிதும் தற்செயலே என்று 2018-இல் வெளிவந்த ‘புளூபிரிண்ட்’ நூலில் அவர் எழுதினார். இவ்விடத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆய்வாளர்களின் வினாப்பட்டியல்களுக்குப் பிடிபடவில்லை என்பது மட்டுமே அதற்குப் போதிய சான்றாகாது.