காசில் இருப்பவர் யார்?

பழைய பொன் காசு ஒன்று கைக்கு வந்தால் நாம் தட்டானிடம்தான் போகிறோம். அவர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, தராசில் வைத்து, விலையைச் சொல்லிவிடுகிறார். காசில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. எனக்கோ எழுத்துத்தான் முக்கியம். எழுத்தை வாசித்துவிட்டால் மதிப்புத் தெரிந்துவிடும் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

எங்கள் ஆச்சியின் காசுமாலையில் நடுக்காசு மட்டும் வேறு மாதிரி இருக்கும். அதில் ஒருவர் நிற்கிறார். எதிரே ஒருவர் முழங்காலிட்டிருக்கிறார். இருவருக்கும் இடையே நெட்டையாக ஒரு கம்பு. "இது ஆருன்னு தெரியுமா மக்கா? பனையேறி. அந்தா நிக்கது பனை" என்பாள் ஆச்சி. நாஞ்சில் நாட்டில் பலருடைய எண்ணமும் அதுதான். அந்தக் காசுக்குச் சாணார் காசு என்றே பெயர். பனைத்தொழில் செய்தவர்களை அந்நாளில் அப்படித்தான் குறிப்பிட்டார்கள்.

ஆச்சி காலமானபின் பங்கில் அந்தக் காசு என் தங்கைக்கு வந்தது. விலை தெரியவேண்டும் என்றாள். பூதக்கண்ணாடியும் புத்தகமுமாக உட்கார்ந்தேன். இத்தாலியிலுள்ள வெனிஸ் குடியரசின் டியூகட் அது. 1284-இல் அடிக்கத் தொடங்கி, 1797-இல் அந்தக் குடியரசு வீழும்வரை உருவமும் மாற்றும் ஏறக்குறைய மாறாமல் வெளிவந்த காசு. எடை மூன்றரைக் கிராம். கிட்டத்தட்டச் சுத்தத் தங்கம். செங்கடல் வழியாக, மிளகு வாங்க மலையாளக் கரைக்கு வந்தது. நிற்பவர் வெனிஸின் காவலரான புனித மாற்கு. முழங்காலிட்டவர் டோஜ் என்னும் நாட்டுத் தலைவர். பனை என்று நாங்கள் நினைத்தது, புனிதர் அவரிடம் கொடுக்கும் கொடியின் கம்பு.

காசில் வருஷம் கிடையாது. தலைவர் பெயரைக் கொண்டுதான் காலம் கணிக்கவேண்டும். எழுத்துக்கள் குழம்பிக் கிடந்தால் போலியோ என்று சந்தேகிக்கவேண்டும். இந்தியாவிலேயே அப்படிச் செய்திருக்கிறார்கள். எங்கள் காசில் எழுத்துத் தெளிவாகவே இருந்தது. பெயர் அல்விசே மொசெனிகோ. ஆனால் 1570-க்கும் 1778-க்கும் இடையே அதே பெயரில் நான்கு தலைவர்கள் இருந்திருக்கிறார்கள்! அச்சின் அமைப்பைப் பார்த்து, நான்காமவர் காலத்ததாக இருக்கலாம் என்று முடிவு செய்தேன். அவர் 1763-இல் பதவிக்கு வந்தவர்.

"அப்போ ஆச்சி சொன்னது தப்பா அண்ணே?" என்றாள் தங்கை.

"தப்புத்தான்" என்றேன். சொன்ன பிறகு மனம் சமாதானமாகவில்லை.

காலையில் பதநீர் கொண்டுவருகிறவர் எங்கள் முற்றத்தோடு நின்றுவிடுவார். ஆச்சி அவர் கையில் காசு கொடுக்கமாட்டாள். திண்ணை ஓரத்தில் வைப்பாள், அவர் எடுத்துக்கொள்வார். ஆச்சி குனிந்து வைக்கும்போது காசுமாலை முன்னால் சரிந்து ஆடும். அவர் குலத்துப் பெண்கள் மேல்சீலை அணியவே போராட வேண்டியிருந்த நாடு இது. 1859-இல் திருவிதாங்கூர் அரசர் அனுமதி கொடுத்தபோதுகூட, மேல்சாதிப் பெண்களைப்போல் அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்.

ஆச்சி செய்த பிழை எது? வெனிஸ் தலைவரைப் பனையேறி என்று எண்ணியது ஒரு பிழையா? அது ஒரு புத்தகத்தைப் புரட்டினால் தீர்ந்துபோகும். பனையேறி என்று நம்பியவரைப் பொன்னில் பதித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்; முற்றத்தில் நின்ற பனையேறிக்கோ கையில் காசு கொடுக்கக் கூசினாள். இது எந்தப் புத்தகத்தில் தீரும்? ஆச்சி கெட்டவள் அல்ல. பசித்து வந்தவர் யாரையும் அவள் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அதனால்தான் இந்த விஷயம் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆச்சியை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. அதே திண்ணையில் உட்கார்ந்து தினமும் அவர் கொண்டுவந்த பதநீரைக் குடித்தவன் நான். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய வெனிஸ் தலைவரின் பெயரைக் கண்ணாடி வைத்துத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். அந்த மனிதரின் பெயரை ஒருநாளும் நான் கேட்டதில்லை.