முதல் கேசட்

முதன்முதலில் சொந்தக் காசு கொடுத்து வாங்கிய கேசட் எது என்று நாற்பதைத் தாண்டிய யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும். பலருக்கு அது 1992இல் வந்த ‘ரோஜா’. எனக்கு இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’. 1986இல் வெளியான அந்த ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கியிருந்தார் ராஜா. எஸ்பிபியையும் ஜானகியையும் எதிர்பார்த்துப் போட்டால், வயலின்கள்!

கொடுத்த காசு கொடுத்ததுதான். கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டார். பிடிக்காததைத் தாண்டிப் போகலாம் என்று ஃபார்வர்டு பட்டனை அழுத்தினால், அது பாதிப் பாட்டில் போய் நிற்கும். டேப் சிக்கிக்கொள்ளுமோ என்ற பயம் வேறு. ஆகவே ஏ பக்கம், பி பக்கம் என்று வரிசை பிசகாமல் கேட்டதையே கேட்டேன். என்னவென்றே பிடிபடாத இசை, ஒரு மாதத்தில் குளிக்கும்போது தானாக வாயில் வந்தது. விலை கொடுத்தவனின் வீம்பு என்றுகூடச் சொல்லலாம். ரசனை அப்படியும் வளரும்போல.

இப்போது பத்து விநாடி பொறுப்பதற்குள் விரல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஓர் ஆல்பத்தை, ‘ஷஃபிள்’ போடாமல், முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுங்களேன். பாட்டுகளை அந்த வரிசையில் அடுக்கியவர் சும்மா அடுக்கியிருக்க மாட்டார்.